ஊர்ப் பதிவேட்டில் எறும்புக்கும் இடம் வேண்டும்: மதுரை மாவட்டப் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

மேலூர்ப் பக்கம் மாந்தோப்பையும் கொஞ்சம் மானாவாரிக் காட்டையும் நம்பிப் பிழைக்கிற குடும்பத்துப் பெண் நான். உங்களிடம் இரண்டு விஷயங்கள் கேட்க வேண்டும். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி, ஒவ்வொரு உள்ளாட்சியும் உங்களைப் போன்ற குழுவை அமைத்து, ஊரில் வாழும் செடிகொடிகளையும் உயிரினங்களையும், அவற்றைப் பற்றி ஊராருக்குத் தெரிந்ததையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் எறும்புகளை எழுதுங்கள். எழுதி முடிக்கிற வரையாவது கோயில்காடு, கண்மாய்க் கரை, மந்தை, பள்ளி வளாகம் போன்ற பொது இடங்களில் எறும்புப் பொடி தூவுவதை நிறுத்தி வையுங்கள்.

எனக்குப் பார்க்கக் கிடைத்த ஒன்றிரண்டு பதிவேடுகளில் மயில் இருந்தது, தேவாங்கு இருந்தது, உசில மரம் இருந்தது, நாட்டு மாடு இருந்தது. எறும்பைக் காணோம். எழுதியவர்களைக் குறை சொல்லவில்லை. காலடியில் கிடப்பதை எண்ணும் பழக்கம் நமக்கு இல்லை.

எறும்புக்கெல்லாமா பதிவேடு என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். அவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். உலகம் முழுக்க நடந்த நூற்றுக்கணக்கான களக் கணக்கெடுப்புகளைத் திரட்டி, 2022-இல் ஆய்வாளர்கள் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். பூமியில் ஏறத்தாழ 20,000 லட்சம் கோடி எறும்புகள் இருக்கின்றன. மனிதர் ஒருவருக்கு 25 லட்சம் என்று வருகிறது. அவற்றின் உடம்பில் உள்ள கார்பனை மட்டும் நிறுத்தால், மனிதர் வளர்க்காமல் இயற்கையில் வாழும் பறவைகள், பாலூட்டிகள் அத்தனையும் சேர்ந்த கார்பனைவிட அதிகம். இவ்வளவு உயிர்களும் தினமும் தோண்டுகின்றன, தின்கின்றன, சுமக்கின்றன. நம் காடு கழனியில் அந்த வேலை என்னவாக இருக்கிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் காடு செவல் மண். கோடையில் மேல்மண் இறுகி ஓடு கட்டிவிடும். ஐப்பசியில் விழும் கனமழை அந்த ஓட்டின் மேலேயே வழிந்து, வரப்பை உடைத்துக்கொண்டு ஓடைக்குப் போய்விடும். மதுரைக்கு ஆண்டு முழுக்கக் கிடைப்பதே ஏறத்தாழ 850 மி.மீ. மழைதான். அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்தத் தண்ணீர் கீழே இறங்க மண்ணில் துளை வேண்டும். ஈரமான வயலில் மண்புழு அந்தத் துளையைப் போடும். காய்ந்து கிடக்கும் காட்டில் எறும்பும் கறையானும்தான் போட வேண்டும். மழை விட்ட மறுநாள் எறும்பு வளையின் வாயைச் சுற்றிச் சின்னச் சின்ன மண் உருண்டைகள் குவிந்து கிடக்கும், பாருங்கள். அத்தனையும் அடியிலிருந்து மேலே வந்த மண். அது வந்த வழியாகத்தான் அடுத்த மழை கீழே போகும், வேருக்குக் காற்றும் போகும். புற்றுக்குள் இழுத்துப்போன பூச்சியும் விதைத்தோலும் எச்சமும் உள்ளேயே மட்குவதால், புற்று மண்ணில் தழைச்சத்தும் மணிச்சத்தும் சுற்றியுள்ள மண்ணைவிடப் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும்.

இதனால் விளைச்சல் எவ்வளவு கூடும் என்பதை மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட கோதுமை நிலங்களில் விஞ்ஞானிகள் அளந்து பார்த்தார்கள். சில பாத்திகளில் மருந்து போட்டு எறும்பையும் கறையானையும் அகற்றினார்கள். மற்றவற்றை அப்படியே விட்டார்கள். எறும்பும் கறையானும் இருந்த பாத்திகளில் கோதுமை 36 சதவீதம் கூடுதலாக விளைந்தது. மழைத்தண்ணீர் மண்ணுக்குள் அதிகம் இறங்கியதும், மண்ணில் தழைச்சத்து கூடியதும்தான் காரணம். 2011-இல் அந்த முடிவு வெளியானது. அங்கே கோதுமை, இங்கே கடலையும் சோளமும் குதிரைவாலியும். மண்ணும் வேறு. அதே 36 சதவீதம் நமக்கும் கிடைக்கும் என்று நான் வாதாடவில்லை. ஆனால் உசிலம்பட்டி, பேரையூர், கள்ளிக்குடிப் பக்கம் வானம் பார்த்து விதைக்கிறவர்களைக் கேளுங்கள். எத்தனை மி.மீ. பெய்தது என்பதைவிட, எத்தனை விரல் ஆழம் நனைந்தது என்பதைத்தான் அவர்கள் பேசுவார்கள்.

விதைக்கு வருகிறேன். ஆமணக்கு விதையைக் கையில் எடுத்தால் முனையில் வெளுத்த சின்ன முடிச்சு தெரியும். கொழுப்பு நிறைந்த அந்த முடிச்சு எறும்புக்குத் தீனி. எறும்பு விதையைப் புற்றுக்கு இழுத்துப்போய், முடிச்சைத் தின்றுவிட்டு, உடைக்க முடியாத விதையைப் புற்றுக் குப்பையில் போட்டுவிடும். தாய்ச்செடியின் நிழலை விட்டுத் தள்ளி, எலியின் கண்ணுக்குத் தப்பி, மட்கிய எருவுக்குள் விதை போய்ச் சேர்ந்துவிட்டது. இப்படி எறும்பை நம்பி விதை பரப்பும் செடியினங்கள் உலகில் 11,000-க்கும் மேல் இருக்கின்றன. புல்விதை பொறுக்கும் எறும்புகள் வேறு ரகம். அவை விதையையே தின்பவை. கண்மாய்க் கரையிலும் மேய்ச்சல் தரையிலும் அவற்றின் வாசலைச் சுற்றி உமி வட்டமாகக் கொட்டிக் கிடக்கும். கொண்டுவரும்போது தவறவிட்ட விதையெல்லாம் முதல் மழைக்கு அந்த வட்டத்தில் முளைப்பதை ஆடு மேய்க்கிறவர்கள் பார்த்திருப்பார்கள்.

இனி என் தோப்பு. இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு முசுறு. அது மாமரத்தில் கூடு கட்டியிருந்தால் காய் பறிக்கிறவர்கள் ஏற மாட்டார்கள். கடி அப்படி. கடித்த இடத்தில் வயிற்றை வளைத்து அமிலத்தையும் பீய்ச்சும். இதனாலேயே பல தோப்புகளில் பூ எடுக்கும் முன்னே மருந்தடித்துக் கூட்டை அழித்துவிடுகிறார்கள். எங்கள் தோப்பில் நாங்கள் அழிப்பதில்லை. முசுறு ஏறிய மரத்தில் தத்துப்பூச்சியும் இலை பிணைக்கும் புழுவும் குறைவாக இருப்பதைக் கண்ணால் பார்க்கிறோம். பழ ஈயின் கதை இன்னும் சுவாரசியமானது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டு மாந்தோப்புகளில் ஆராய்ந்தவர்கள், முசுறு நடமாடிய காயில் அதன் வாடை தங்கிவிடுவதையும், அந்தக் காயில் முட்டையிடப் பழ ஈ தயங்குவதையும் கண்டார்கள். அங்கிருப்பது நம் முசுறுக்கு நெருங்கிய உறவு.

தென்சீனத்து ஆரஞ்சுத் தோப்புக்காரர்கள் இதைப் பதினேழு நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். கி.பி. 304-ஐச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் சீனக் குறிப்பு ஒன்று, முசுறுக் கூடுகளைப் பையில் போட்டுச் சந்தையில் விற்றதையும், அந்த எறும்பு இல்லாத மரத்தின் பழங்களைப் பூச்சி கெடுத்துவிடும் என்பதையும் பதிந்திருக்கிறது. பூச்சியைக் கொண்டே பூச்சியை அடக்கியதற்கு உலகில் கிடைக்கும் மிகப் பழைய பதிவுகளில் இது ஒன்று. காய் பறிக்கிறவர்களின் சிரமம் உண்மைதான். வெயில் ஏறும் முன் பறிப்பதும், கூடு இருக்கும் கிளையைக் கடைசிக்கு விடுவதும், கையிலும் கிளையிலும் சாம்பல் தூவிக்கொள்வதும் ஓரளவு உதவும். கூலியைக் கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பதும் நியாயம்.

முசுறு இல்லாத பயிருக்கும் காவல் உண்டு. பருத்தி இலையைத் திருப்பிப் பார்த்தால் நடு நரம்பில் சின்னக் குழி தெரியும். அதில் தேன் சுரக்கும். தட்டாம்பயறு, ஆமணக்கு இலைக்காம்பு, பூவரச இலை என்று பலவற்றில் பூவுக்கு வெளியே இப்படித் தேன் ஊறுகிறது. குடிக்க வரும் எறும்பு, வழியில் தட்டுப்படும் பூச்சி முட்டையையும் இளம் புழுவையும் தூக்கிக்கொண்டு போகும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அசுவினி, மாவுப்பூச்சி, செதில் பூச்சி கழிக்கும் தேன்கழிவுக்காக எறும்புகள் அவற்றைக் காவல் காக்கும். அவற்றைத் தின்ன வரும் பொறிவண்டையும் ஒட்டுண்ணிக் குளவியையும் விரட்டும். கொய்யாவிலும் பப்பாளியிலும் மாவுப்பூச்சியால் நொந்தவர்கள் எறும்பின் மேல் கோபப்படுவது இயல்பு. எந்த எறும்பு, எந்தப் பயிரில், எந்த மாதத்தில் என்று பார்த்துச் சொல்ல வேண்டிய காரியம் இது. அதற்கும்தான் பதிவேடு.

சுத்தம் செய்யும் வேலையை நான் விளக்கவே வேண்டாம், வீட்டில் செத்த கரப்பான் என்ன ஆகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். மலேசியாவின் போர்னியோக் காட்டில் 2018-இல் வெளியான ஆய்வில், தரையில் கிடந்த உணவுப் பொருட்களில் பாதிக்கு மேல், 52 சதவீதத்தை, எறும்புகளே அகற்றின. எறும்பை அப்புறப்படுத்திப் பார்த்தபோது அந்த வேலையை ஈடுகட்ட வேறு எந்த உயிரும் முன்வரவில்லை.

எறும்பையே நம்பி வாழும் உயிர்களும் நம் மலைகளில் இருக்கின்றன. அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தபோது, அங்குள்ள உயிரினங்களில் எறும்புத்தின்னி எனப்படும் அழுங்கும் சொல்லப்பட்டது. பல்லே இல்லாத அந்த விலங்கு எறும்பையும் கறையானையும் நீள நாக்கால் வழித்துத் தின்றுதான் உயிர் வாழ்கிறது. அழுங்கைப் பதிவேட்டில் எழுதிவிட்டு அதன் சோற்றை எழுதாமல் விட்டால் எப்படி? தொட்டிச் செடியின் அடியில் கிடக்கும் சின்னப் புழுப்பாம்பு எறும்பு முட்டையையும் குஞ்சையும் தின்னும். பிள்ளைகள் மணலை ஊதிப் பிடிக்கும் குழியானைக்கு முக்கிய இரை எறும்பு. நீலன் வகைச் சிறு வண்ணத்துப்பூச்சிகள் பலவற்றின் புழுக்கள் இனிப்பு நீர் சுரந்து எறும்புக்குக் கொடுத்து, பதிலுக்கு எறும்பின் காவலில் வளர்கின்றன. இலந்தை மரத்தில் வயிற்றைத் தூக்கிக்கொண்டு திரியும் கறுத்த எறும்புகள் மொய்த்திருந்தால், நடுவில் பச்சைப் புழு ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்.

எழுதி வைப்பதால் என்ன லாபம் என்பதற்கு அரிட்டாபட்டியே பதில். 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி வந்தபோது, கிராம சபைகள் தீர்மானம் போட்டன, மேலூர் திரண்டது. இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டவர்களிடம் காட்ட அரசாணை கையில் இருந்தது. ஒன்றிய அரசு முதலில் பல்லுயிர்ப் பகுதியை நீக்கி எல்லையை மாற்றப் பார்த்தது. 2025 ஜனவரியில் ஏலத்தையே ரத்து செய்தது. ஜெயித்தது மக்களின் போராட்டம்தான். அதற்குக் காகிதமும் துணை நின்றது.

இப்போது அவசரமான சேதி. 2022 ஆகஸ்டில் திண்டுக்கல் மாவட்டத்து நத்தம் பக்கம் கரந்தமலைக் காட்டோர ஊர்களில் மஞ்சள் கிறுக்கு எறும்பு பெருகியது. மலையில் ஆடு மாடு மேய்த்தவர்கள் நின்ற நிலையில் காலில் ஏறியதாகவும், தோல் அரித்துக் கொப்பளித்ததாகவும், கால்நடைகளின் கண் பாதிக்கப்பட்டதாகவும் சொன்னார்கள். காட்டுக்குள் போகவே பயந்தார்கள். அந்த எறும்பு கொட்டாது, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். பழுப்பு கலந்த மஞ்சள் நிறம், ஏறத்தாழ 4 மி.மீ. உடம்பு, மிக நீண்ட கால்கள், மிக நீண்ட உணர்கொம்புகள். கலைத்துவிட்டால் வரிசையில்லாமல் நாலாபக்கமும் தறிகெட்டு ஓடும். நம் ஊர் எறும்புகள் பலவும் புற்றுக்குப் புற்று எல்லை காத்துச் சண்டையிடும். இது அப்படியில்லை. ஒரே புற்றில் பல ராணிகள் இருக்கும், பக்கத்துப் புற்றோடும் உறவாகவே இருக்கும். அதனால் ஏக்கர் கணக்கில் ஒரே கூட்டமாக விரிந்துவிடும்.

ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவில் இதே எறும்பு 1990-களிலிருந்து கோடிக்கணக்கான செந்நண்டுகளைக் கொன்றது. காட்டுத் தரையில் சருகையும் நாற்றையும் தின்று வந்த நண்டுகள் அவை. அவை போன இடங்களில் அடிக்காடு மூடியது. மரங்களில் செதில் பூச்சி பெருகியது, அதன் தேன்கழிவைக் குடித்து எறும்பு மேலும் பெருகியது. ஹெலிகாப்டரிலிருந்து விஷ இரை தூவினார்கள். அடங்கியது, மறுபடி கிளம்பியது. கடைசியில் 2016-இல், செதில் பூச்சியை அழிக்கும் சின்னக் குளவி ஒன்றை மலேசியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள்.

கரந்தமலைக்கும் அழகர்மலைக்கும் தூரம் அதிகமில்லை. இந்த எறும்பு மண் லாரியில் வரும், நாற்றுப் பையில் வரும், விறகில் வரும், பழக்கூடையில் வரும். நேற்று நம் ஊரில் என்னென்ன எறும்பு இருந்தது என்று எழுதி வைத்திருந்தால்தான், இன்று புதிதாக வந்திருப்பது எது என்று சொல்ல முடியும். ஒரு தோப்பில், ஒரு மந்தையில் தென்படும்போதே பிடித்துவிட்டால் அடக்கலாம். மலையேறிய பிறகு தெரிந்து பயனில்லை.

பொடி வேண்டாம் என்று நான் கெஞ்சுவதும் இதனால்தான். வளையின் வாயில் தூவும் பொடி, வெளியே நடமாடும் வேலைக்கார எறும்புகளைத்தான் பெரும்பாலும் கொல்லும். ராணி உள்ளே முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். வரிசையாகப் படையெடுத்துப் போய்க் கறையானைத் தூக்கி வரும் கறுத்த எறும்பும் அந்தப் பொடியில் சாகும், பிறகு கறையானுக்குத் தனியாக மருந்து வாங்க வேண்டியிருக்கும். உள்ளூர் எறும்புகள் நெருக்கமாக வாழும் தரையில் வெளியிலிருந்து வரும் ராணி காலூன்றுவது சிரமம். பொடி போட்டுக் காலியாக்கிய தரை அதற்குத் திறந்த வாசல். ஒரு தலைமுறை முழுக்க வீட்டு மூலையில் தூவிய பி.எச்.சி. என்ற பூச்சிக்கொல்லிப் பொடியை அரசு 1997-இல் தடை செய்தது. அதன் வகையான லிண்டேனுக்கு 2013-இல் தடை வந்தது. மனித உடம்புக்கும் மண்ணுக்கும் ஆகாது என்று அவ்வளவு காலம் கழித்துத்தான் முடிவுக்கு வந்தோம். சத்துணவுக் கூடத்துக்குள்ளும் அங்கன்வாடிக்குள்ளும் எறும்பு வரக் கூடாதுதான். சிந்தியதை உடனே துடைத்து, சுவர் விரிசலைச் சிமென்ட் வைத்து அடைத்து, சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைத்தால் பொடி இல்லாமலே சமாளிக்கலாம். பிள்ளைகள் சாப்பிடுகிற இடத்தில் விஷம் கிடப்பது எனக்குச் சம்மதமில்லை.

கணக்கெடுப்புக்குப் பணம் அதிகம் ஆகாது. வெள்ளைத் தாளின் ஒரு ஓரத்தில் வெல்லத்துண்டும் மறு ஓரத்தில் கருவாட்டுத் துண்டும் வைத்து, அரை மணி நேரம் விடுங்கள். இனிப்புக்கு வரும் எறும்பு வேறு, கருவாட்டுக்கு வரும் எறும்பு வேறு. வரப்பு, கண்மாய்க் கரை, கோயில்காடு, தோப்பு, பேருந்து நிறுத்தம் என்று இடம் மாற்றி மாற்றி வையுங்கள். வாய்மட்டம் தரையோடு இருக்கும்படி டம்ளரைப் புதைத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி ஒரு நாள் விட்டால் இரவில் திரிவதும் விழும். கோடையில் ஒரு முறை, மழைக்குப் பிறகு ஒரு முறை செய்வது நல்லது. வகைக்கு நாலைந்து எறும்பைச் சின்னக் குப்பியில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டு, இடமும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். அறிவியல் பெயர் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். பிள்ளையார் எறும்பு, கட்டெறும்பு, சுள்ளெறும்பு, முசுறு என்று ஊரில் வழங்கும் பெயரிலேயே எழுதுங்கள். ஒத்தக்கடையில் யானைமலைக்கு எதிரே 1965 முதல் வேளாண்மைக் கல்லூரி இயங்குகிறது, அங்கே பூச்சியியல் துறை இருக்கிறது. இனத்தை உறுதிசெய்து தரும்படி குழுவின் பெயரில் எழுதிக் கேளுங்கள். ஆடு மேய்க்கும் பெரியவர்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கல்லைப் புரட்டினால் எது ஓடும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

நவம்பர் 1 கிராம சபை மழைக்காலத்தில் வருகிறது. அதற்கு முன் தாள் வைத்துப் பார்த்துவிட்டு, வந்த எறும்புகளின் பட்டியலைச் சபையில் வாசித்துப் பதிவேட்டில் சேர்க்கலாம். பொது இடத்தில் பொடி தூவுவதில்லை என்ற தீர்மானத்தையும், நீளக்கால் மஞ்சள் எறும்பைக் கண்டால் யாரிடம் சொல்வது என்பதையும் அன்றைக்கே முடிவு செய்துவிடலாம். வனத்துறைக்கும் வேளாண் துறைக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். மேலூர் ஒன்றியத்தில் எந்த ஊர் தொடங்கினாலும், குப்பியும் தாளும் எடுத்துக்கொண்டு நான் வருகிறேன்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
மேலூர் வட்டாரத்து மாந்தோப்புக்காரி